பின்பாதி போதும் என்றார்கள்

என் அக்காவின் பெயரைப் பாதியில் வெட்டிக் கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். கோபமெல்லாம் இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வருகை எடுக்கும்போது அவள் பெயரின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிட, இவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் ஆனாள். அம்மாவை வரச்சொல்லி விசாரித்தார்கள். முழுசாகக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள் அம்மா. டீச்சர் கூப்பிட்டார். அக்கா எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்றாள். விசாரணை அத்தோடு முடிந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தியிடம்தான் அனுமதி கேட்க முடிந்தது, அவளும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

நாங்கள் இருந்தது சிட்லபாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி. எண்பதுகளில் அந்தத் தெருவில் முழுப் பெயரோடு நடமாடியவர்கள் யாரும் கிடையாது. பிள்ளை பிறந்தால் தாத்தா பெயரில் ஒரு துண்டு, குலசாமி பெயரில் ஒரு துண்டு, நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்து என்று ஒட்டவைத்து, கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை தெருமுனைக்குப் போய்விடுகிற நீளத்துக்குப் பெயர் வைப்பார்கள். அப்புறம்தான் சிக்கல். சாமி பெயரைச் சொல்லித் திட்டினால் பாவம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே வைத்த பெயரைப் பீரோவில் பூட்டிவிட்டு, தெருவில் குட்டி, பாப்பா, அம்மு என்று எதையாவது புழங்குவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கைத்தடி ஊன்றி நடப்பவர், கடைசிவரைக்கும் எல்லாருக்கும் பேபிதான். என்னைச் சின்னது என்பார்கள். ஐம்பது தாண்டிய பிறகும் சின்னதுதான். சின்னதுக்கு முட்டிவலியாம் என்று அம்மா போனில் சொந்தக்காரர்களிடம் சொல்கிறாள்.

அக்கா பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தாத்தாவும் காரணமில்லை, சாமியும் காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். அவள் பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார்கள். மழை பொய்த்த வருஷம். அப்பா விடியற்காலையில் தெருக்குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது பெண் பிறந்த செய்தி வந்தது. வரிசையை விட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. குடம் நிறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியிலேயே, வற்றாமல் ஓடுகிற நதி எது என்று யோசித்து, வடக்கே ஓடும் ஒரு நதியின் பெயரை முடிவுசெய்துவிட்டார். அம்மாவைக் கேட்கவில்லை. பிற்பாடு சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் கிணறு வெட்டியபோது சீக்கிரமே தண்ணீர் வந்தது. பெயர் ராசி என்றார் அப்பா. பக்கத்தில் ஏரி இருக்கிறது என்றாள் அம்மா. எங்கள் தெருத் தமிழாசிரியர் ஒருவர் அந்தப் பெயருக்கு வேர்ச்சொல் எது, பொருள் என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டு, "பொருள் தண்ணி சார்" என்று முடித்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். போன் வந்தால் குட்மார்னிங் சொல்லி, கூடவே தன் பெயரையும் முழுசாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்கு உலகத்தில் இருந்திருக்காது.

அப்போதுதான் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துத் தரகர் ஒருவர் கூடுவாஞ்சேரி வரன் ஒன்றைக் கொண்டுவந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் கம்பி, சிமெண்டுக் கடை. ஒருகாலத்தில் நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட, மனை வாங்கியவர்களுக்கே கம்பியும் சிமெண்டும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பி.காம். படித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாதகம் பொருந்தியது. ஜாதகத்தில் இருந்தது நட்சத்திர எழுத்துக்காக வைத்த வேறொரு பெயர். அது ஜாதகத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஆகவே அக்காவின் நிஜப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு கூத்துக்கும் மூலம் அதுதான்.

பெண் பார்க்க நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அப்புறம் அந்த வீட்டோடு இருக்கும் அத்தை, மாப்பிள்ளை அப்பாவின் தங்கை. அத்தை பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை மட்டும் அக்காவைப் பார்த்து, ஆபீசுக்கு நடந்தே போய்விடுவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். "வெயிலா இருக்குமே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கே அக்காவின் காது சிவந்துவிட்டது.

பஜ்ஜி பாதியில் இருக்கும்போது அத்தை, "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அக்கா சொன்னாள், முழுசாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். அதுவரைக்கும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, முதல் தடவையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். புடவை பிடித்துப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இது எங்க அண்ணி பேராச்சே" என்றார் அத்தை.

அப்பா, ரொம்பப் பொருத்தம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தனியாகத்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். பையன் பெண்டாட்டியை வாடி போடி என்பான், அதில் பெற்றவள் பெயர் வரலாமா? மருமகளைத் திட்டினால் திட்டு யார் கணக்கில் போய்ச் சேரும்? அத்தை இதையெல்லாம் எங்கள் ஹாலிலேயே விளக்கினார். இன்னும் நிச்சயம்கூட ஆகாத இடத்தில் மருமகளைத் திட்டப்போவதாக அவ்வளவு உறுதியாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் தரகர் வந்தார். "எல்லாம் புடிச்சிக்கீது சார். பேரு ஒண்ணுதான் பேஜார். மாத்திக்கினா அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சிடலாம்" என்றார். மாற்றுப் பெயர்களையும் அவரே கொண்டுவந்திருந்தார். மூன்றும் பூக்களின் பெயர்கள். அக்கா வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். தரகர் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டு, சமாதானத் திட்டத்தோடு திரும்பி வந்தார். மாமியாருக்கு முழுப் பெயர் இருக்கட்டும், பெண்ணுக்குப் பின்பாதி போதும், வீட்டுக்குள் மட்டும்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனையைப் பாகம் பிரிக்கிற மாதிரி பெயரையும் பிரித்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ரேஷன் கார்டில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும் என்று அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். அம்மா, "உங்கப்பா என்னைப் பேர் சொல்லி எப்போ கூப்பிட்டாரு? நான் குடித்தனம் பண்ணலையா?" என்றாள். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார். பையனின் அம்மாவைப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்களேன் என்றேன் நான். அப்பா பேப்பருக்கு மேலே பார்த்த பார்வையில் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அங்கே அக்கா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"அவரை எனக்குப் பிடிச்சிருக்குடி. நான் வெயில்ல போறதைப் பத்தி யாருடி இதுவரைக்கும் கேட்டாங்க? ஆனா பேரை மாத்திக்கிட்டா அவரோட குடித்தனம் பண்ணப்போறது வேற ஒருத்தி. நான் எங்கே இருப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த அத்தை மட்டும் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் என் முன்னால் இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

இரண்டு நாள் கழித்து அக்கா அப்பாவிடம், முடியாதுப்பா என்றாள். அப்பா தரகரிடம் சொல்லி அனுப்பினார். அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். இருபத்தைந்து வயதாகப்போகிறது, வருகிற வரனையெல்லாம் ஒரு பெயருக்காகத் தள்ளினால் எந்த மகராசன் வருவான் என்று என்னைப் பார்த்து அக்காவைத் திட்டினாள். அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு மாப்பிள்ளையின் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தனியாக வந்திருந்தார். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மின்சார ரயில் பிடித்து சானடோரியத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறார். சம்பந்தம் முறிந்துபோன வீட்டுக்குப் பையனின் தாயார் தனியாக வருவதை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

அக்கா அன்றைக்கு லீவில் இருந்தாள். அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அக்காவைக் கேட்டார். முழுசாக என்றாள் அக்கா. ஆபீசில்? அங்கேயும் முழுசாகத்தான். செல்லமாகக்கூடக் குறுக்குவதில்லையா? இல்லை. அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் அம்மாவிடம் திரும்பினார்.

"எங்க, ஒரு தபா கூப்புடுங்க. அடுப்பாண்ட நின்னுகினு கூப்புடுவீங்களே, அப்பிடி."

அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அக்காவோடு பேசியே ஒரு வாரமாயிற்று. இருந்தாலும் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தை இழுத்துப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற குரலில் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அக்கா அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் வியர்வை என்றுதான் நினைத்தேன்.

அவர் பிறந்தபோது அவருடைய அப்பா காசிக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து, சொம்பில் கொண்டுவந்த தண்ணீரைக் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு விட்டு வைத்த பெயராம். பிறந்த வீட்டில் ஊர் கேட்கக் கூப்பிடுவார்களாம். கல்யாணமாகி வந்த இடத்தில் மாமியார் அவரை ஏ பொண்ணே என்றார். கணவர் இந்தா என்பார். நாத்தனாருக்கு அண்ணி, பிள்ளைகளுக்கு அம்மா, கடைக்கு வருகிறவர்களுக்குக் கடைக்காரம்மா.

"எங்கம்மா செத்ததோட இந்தப் பேரும் போச்சு. அதுக்கப்புறம் அன்னிக்கு இந்தப் பொண்ணு வாயால சொல்லித்தான் என் காதுல வுழுந்துச்சு. எங்க வூட்ல யாரும் கூப்புடாத பேருக்கு எதுக்கும்மா இவ்ளோ சண்ட? நீ மாத்த வாணாம். முழுசா எடுத்துகினு வா. வூட்ல நாலு பேரு கூப்புடட்டும், நானும் கேக்கறேன்."

என் அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் காபி போட உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, இவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடுவாஞ்சேரியில் என்ன நடந்தது என்பதை மாப்பிள்ளை பிற்பாடு சொன்னார். அத்தை சட்டத்தையெல்லாம் முதலிலிருந்து எடுத்துவிட்டாராம். அந்த அம்மா சாதம் பரிமாறிக்கொண்டே, "பேரு என்னுது. நான் குடுத்துட்டேன்" என்றாராம். தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் அந்தப் பெயர் இரண்டு இடத்தில் வர வேண்டியிருந்தது. அச்சகத்துக்காரர் பிழை என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டார். மறுபடி அச்சடிக்க வைத்தார்கள்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டில் அந்தப் பெயர் நன்றாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அத்தான் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள், அத்தைகூட, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கூப்பிட்டார். மாமனார் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காபி என்றார்.

அக்கா அடுப்படியில்தான் இருந்தாள், டம்ளரைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அக்கா டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று கொத்தமல்லி ஆய ஆரம்பித்தாள். அந்த அம்மா காபி கலந்து வாசலுக்கு எடுத்துப்போனார்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "உன்னியா கூப்ட்டேன்?"

"பின்ன யாரைக் கூப்ட்டீங்க?"

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்னத்தான்" என்று சொல்லிக் காபியை வாங்கிக்கொண்டார்.