பெண் பார்த்த மண்டபத்தில் மூன்று படங்கள்

பர்மாவில், லான்மடா பகுதியிலுள்ள எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு ஞாயிறு காலை மூன்று குறும் ஆவணப்படங்களைத் திரையிட்டோம். மூன்றும் கரீபியன் தீவுகளின் கறுப்பின மக்களைப் பற்றியவை. தேர்ந்தெடுத்தவள் என் தங்கை மகள், எனக்கு மருமகள் முறை. தலைமை வகித்தவன் நான். அதே காலையில் தன்லியின் என்னும் ஊரிலிருந்து பிள்ளை வீட்டார் அவளைப் பார்க்க வருவதாகவும் முடிவாகியிருந்தது. எங்களவர்கள் பெண்ணை வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. கோயிலிலோ கூட்டத்திலோ தற்செயல்போலப் பார்ப்பார்கள். வேண்டாமென்றால் எவருக்கும் தலைகுனிவில்லை. அவள் தகப்பனற்றவள். ஏற்கெனவே இரண்டு இடங்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. முன்பே பார்த்துப் பேசியிருந்த இந்தப் பிள்ளையை அவளுக்கும் பிடித்திருந்தது.

தங்கை, பர்மியப் பெண்கள் முகம் வெளுப்பாகத் தெரியப் பூசும் தனக்கா மரக்கட்டையை அரைத்து மகளின் முகத்தில் வழக்கத்தைவிடத் தடிப்பாகப் பூசி அனுப்பியிருந்தாள்.

மூன்றாவது படத்தில் கறுப்பின ஆசிரியை ஒருவர், வெயில் பட்டால் இன்னும் கறுத்துவிடுவாய் என்று தன் தாய் தன்னை விளையாட விடாததைச் சொன்னார். மருமகள் திரையருகே நின்று அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தாய் திரையைக் காட்டி என் பக்கம் சாய்ந்தார்.

"தனக்காவக் கழுவிட்டா இவுங்களும் ஒங்க மருமகளும் அக்கா தங்கச்சிதான், சயா."

'சயா', ஐயா, என்று பர்மியத்தில் மரியாதை குறையாமலே சொன்னார். நான் சிரித்தேன், உரக்கவே சிரித்தேன். முகம் சுளித்தால் சம்பந்தம் கைநழுவும் என்று எண்ணினேன். தெருவில் பர்மியர் 'கலா' என்று நிறத்தைச் சொல்லி ஏசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிற முன்வரிசை முழுவதும், தலைவர் சிரிக்கக் கண்டு சிரித்தது. மருமகள் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு ஆசிரியை சொன்னதை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள்.

மறுநாள் அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சயா. நெறம் கெடக்கட்டும், மகன் ஒத்துக்கிட்டான். நான் ஆழம் பாக்கத்தான் ஒரு வார்த்த விட்டேன். தாய்மாமன் நீங்களே சபையில சிரிச்சிட்டீங்க. சொந்தத்துலயே மதிப்பில்லாத பொண்ண நான் கொண்டாந்து எப்படி மதிக்கிறது?"

ஜாதகம் பொருந்தவில்லையாம் என்று தங்கையிடம் சொன்னேன். மருமகள் கதவருகே நின்றிருந்தாள்.

"அவங்கம்மா ஏன் வேணாம்னாங்கன்னு அவரு எங்கிட்ட நேத்தே சொல்லிட்டாரு மாமா," என்றாள், தங்கை உள்ளே போனதும். "நீங்க ஜாதகம்னே சொல்லுங்க."

தாயின் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தங்கை சொல்லி, அந்தக் காரணம் சங்கம் முழுவதும் பரவியது. இப்போது வருகிற வரன்கள், ஜாதகக் குற்றமுள்ள பெண்ணாமே என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நிறத்தைப் பற்றிக் கேட்கும் அளவுக்குக்கூட எவரும் நிற்பதில்லை. அதைத் திருத்த வேண்டுமானால் நான் சிரித்ததைச் சொல்ல வேண்டும்.