இரண்டாவது கையெழுத்து

தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வால்வு திறந்து மூடியவரை ஊரே வால்வுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று, எந்தச் சக்கரம் மழையில் இறுகும் என்பதெல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. இருந்து என்ன? அவர் குடியிருந்த மேட்டுத்தெருவுக்கு மட்டும் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. அவர் மனைவி சரிவில் இறங்கி, கீழ்க்குழாயில் கேன் பிடித்து, மூச்சு வாங்க ஏறி வருவார். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர் வீட்டில் குடம் காலி என்று தெருவே கேலி பேசியது.

ஓய்வு பெற்ற கையோடு அதே வாரியத்துக்கு மேட்டுத்தெரு உறுப்பினராக நின்று ஜெயித்தார். மேட்டுக்குத் தனிக்குழாய் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. உள்ளே போனால் வேறு கூத்து. உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஐந்து பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். மற்ற எட்டுப் பேரும் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்கள். வருவார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், குழாய்ப் பேச்சு வருவதற்குள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டிவிடுவார்கள். மேட்டுக்குழாய் பதினோரு தடவை தள்ளிப்போனது.

வால்வுக்காரருக்கு வந்ததே கோபம்! ஒற்றைக்காலில் நின்று ஒரு விதியைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் ஒரு கையெழுத்து, முடிவில் இன்னொன்று. இரண்டாவது இல்லையென்றால் அந்த ஆள் அன்றைக்கு வரவே இல்லை. போட்ட ஓட்டும் செல்லாது. தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் பதவி காலி. விடுப்பு வேண்டுமானால் கூட்டத்துக்கு முன்பே கடிதம் வந்து சேர வேண்டும்.

அதில் முதலில் மாட்டியவர் உறுப்பினர்களில் ஒருவரான சிமெண்ட் கடைக்காரர். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு கூட்டம் தவறிப்போய், மூன்றாவது கூட்டத்துக்கு அவர் எழுதிய கடிதம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. போனால் போகிறது என்று தலைவர் இழுத்துப் பார்த்தார்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க," என்றார் வால்வுக்காரர். "இன்னிக்கு அம்மா, நாளைக்கு மாமியார்னு ஆரம்பிச்சா இதுக்கு முடிவே இல்ல."

கடைக்காரரின் பதவி போயிற்று. அடுத்த மாதம் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் வந்த தேர்தலில் கடைக்காரர் மறுபடி ஜெயித்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வருஷம் வால்வுக்காரர் மனைவி தண்ணீர்க் கேனோடு சரிவில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விழுந்தது கூட்டத்தன்று காலை. கடிதம் எழுத நேரமில்லை. அடுத்த கூட்டத்தன்று ஆபரேஷன். அதற்கு எழுதியிருக்கலாம். விதி போட்டவனே விடுப்புக் கேட்பதா என்று வீம்பு, எழுதவில்லை. ஆக இரண்டு போயிற்று.

மூன்றாவது கூட்டத்துக்கு அவரையும் சேர்த்துக் கணக்காக ஐந்து பேர்தான் வந்தார்கள். அன்று குழாய் விஷயம் ஓட்டுக்கு வந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. கடைக்காரர் கை மேஜையை விட்டு அசையவில்லை. மூன்றுக்கு இரண்டில் தீர்மானம் நிறைவேறியது. இன்னும் ஏழு விஷயங்கள் பாக்கி இருக்கும்போது மகள் போன் செய்தாள்.

"அப்பா, உள்ள சீழ் வச்சிருக்காம். அம்மாவுக்கு மறுபடி ஆபரேஷன். போறதுக்கு முன்னாடி உங்களப் பாக்கணும்ங்கறாங்க."

எழுந்து போனால் பதவி போகும். அது போய்த் தொலையட்டும். ஆனால் வந்தவர்கள் நாலு பேர் என்று ஆகிவிடும். கூட்டமே செல்லாது, குழாயும் போச்சு. வாரியத்தின் பெண் எழுத்தர் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டாவதையும் இப்பவே போட்டுட்டுக் கிளம்புங்கண்ணே. நான் எதையும் பாக்கல."

பேனாவை எடுத்தார். எதிரே கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் எழுதின விதிம்மா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கி ஏழையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டா கூட்டத்த இப்பவே முடிச்சிடலாம். ஆனா இருக்கிற அத்தனை பேரும் ஒத்துக்கணும்."

எல்லார் பார்வையும் கடைக்காரர் மேல் திரும்பியது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். குழாயும் வால்வுக்காரரும் ஒன்றாகத் தொலைவார்கள். அவர் பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

"தள்ளிடலாம்," என்றார். "அம்மான்னாலும் சம்சாரம்னாலும் ஆஸ்பத்திரி ஒண்ணுதான்."

ஐந்து பேரும் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார்கள். வால்வுக்காரர் நன்றி சொல்ல வாயெடுத்தபோது கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் மனைவியைத் தள்ளுகட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மகள் ஒதுங்கி இடம் விட்டாள்.

"ஏங்க, கூட்டம் என்னாச்சு?"

"முடிஞ்சுது. குழாய் வந்துடும்."

"அதுக்குள்ளயா? எப்படி விட்டாங்க?"

"சிமெண்ட் கடைக்காரர் ஒத்துக்கிட்டார்."

மனைவி அவரையே பார்த்தார். "அவங்க அம்மா சாவுக்குக்கூட நீங்க போகலையே."

வால்வுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"போகல," என்றார். "அன்னிக்குக் கூட்டம் இருந்துச்சு."