பதினொன்று எண்ணத் தெரியாத மேனேஜர்

சந்தைமேட்டு அணி தன் மேனேஜரைத் தூக்கிவிட்டது என்ற செய்தி ஒரு சனிக்கிழமை காலை அப்பாவின் செல்போனில் வந்து விழுந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அம்மா, கல்லில் பாதி வெந்திருந்த தோசையை அப்படியே விட்டு அடுப்பை அணைத்தார். தூக்கப்பட்ட மேனேஜர் அம்மாவின் அண்ணன். எனக்குத் தாய்மாமா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொடைக்கானலில் எங்களுடையது மேலத்தெரு. எங்களைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே கால்பந்து அணிகள்தான். மஞ்சள் ஜெர்சி போட்ட நாங்கள், பச்சை ஜெர்சி போட்ட சந்தைமேட்டுக்காரர்கள். டிவியில் வரும் வெளிநாட்டு கிளப்புகள் எல்லாம் மழை நாளில் பொழுதுபோகாமல் பார்ப்பதற்கு. அப்பா வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனால் மேலத்தெரு ரசிகர்களுக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சத்தம் அதிகம் போடுகிறவருக்குத் தானாக அமைந்த பதவி அது.

நான் பிறவி மஞ்சள். ஆனாலும் மேட்ச் நாளில் உட்காருவது பச்சைக்காரர்களின் பெஞ்சில், மாமாவின் பக்கத்தில். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பச்சை அணிப் பையன்களும் நானும்தான் அவருக்குப் பிள்ளைகள். நான் அங்கே போய் உட்கார்ந்ததற்கு அந்தப் பாசத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மணி.

எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் மூடுபனி இறங்கிவிடும். மிஸ்ட் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மிஸ்ட் வந்துவிட்டால் பெஞ்சில் இருப்பவருக்கு மைதானம் தெரியாது, மைதானத்தில் இருப்பவனுக்குப் பெஞ்ச் தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் வருஷத்தில் பாதி மேட்ச் நடக்காது. எனவே எங்கள் ஊருக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆளை மாற்ற வேண்டுமென்றால் வெளியே வரவேண்டியவனின் ஜெர்சி நம்பர் எத்தனையோ அத்தனை முறை அடித்துக் கூப்பிடவேண்டும். மஞ்சள் அணிக்கு எண்ணெய் டின். பச்சை அணிக்கு ஒரு பழைய பள்ளிக்கூடத்துக் கைமணி. சத்தம் முடிந்ததும் வெளியே நிற்பவன் உள்ளே ஓடுவான், உள்ளே இருப்பவன் தனக்குக் கிட்டத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அந்தப் பக்கமாக வெளியேறுவான்.

அந்த மணியை மைதானத்துக்குத் தூக்கி வருவதும் திரும்பத் தூக்கிப் போவதும் என் வேலை. அடிப்பது மாமா. "ஒரே ஒரு தடவ மாமா" என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்து ஃபைனலில் பச்சை அணியிடம் நாங்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தோம். முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது மிஸ்ட் இறங்கியது. மாமா, உள்ளே அனுப்பப்போகிற பையனின் தோளைப் பிடித்து என்னென்னவோ சொல்லிக் கோட்டுக்கு அனுப்பினார். பெஞ்சில் மிச்சம் நாங்கள் இருவர்தான். திடீரென்று என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு நீ அடி பாப்பா. பதினொண்ணு. எண்ணி அடி" என்றார்.

இரண்டு கையாலும் மணியைப் பிடித்து, வாய்விட்டு எண்ணி அடித்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. அந்தப் பையன் ஓடிவிட்டான். அதே நொடியில் மிஸ்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். "கோல்! கோல்!" அதில் அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது. எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்! கையில் மணி இருப்பதை மறந்து குதித்தேன். டண் என்று ஒன்று கூடுதலாக விழுந்தது. கோல் விழுந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமா அதைக் கவனிக்கவில்லை.

பச்சை அணியின் பதினோராம் நம்பர் அண்ணன் கோட்டை நெருங்கியிருந்தாராம். பன்னிரண்டாவது சத்தம் கேட்டதும், சரி, கூப்பிட்டது நம்மை இல்லை என்று திரும்பி விளையாடப் போய்விட்டார். பன்னிரண்டாம் நம்பர் என்று உள்ளே யாருமே இல்லை. பத்து நிமிஷம் கழித்து மிஸ்ட் விலகியபோது, ரெஃப்ரி விரலை நீட்டி எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பச்சை ஜெர்சியில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். விதிப்படி கப்பு எங்களுக்கு வந்தது.

ஊரே சிரித்தது. யார் மணி அடித்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. மேனேஜர் பக்கத்தில்தானே மணி. பதினொன்று எண்ணத் தெரியாத மேனேஜர் என்று மாமாவுக்குப் பெயராகிவிட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த சந்தைமேட்டு கமிட்டி அந்தச் சனிக்கிழமை அவரைத் தூக்கியது. நானோ அந்த ஒரு வாரமும் சரியாகச் சாப்பிடாமல், வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஏரிச் சாலைக்குப் போகும் வழியில் வாடகை சைக்கிள் கடை. ஐப்பசி மழையில் டூரிஸ்ட் கிடையாது. சைக்கிள்கள் எல்லாம் ஸ்டாண்டு போட்டு வரிசையாக நிற்கும். மேலத்தெரு ரசிகர்கள் ஆளுக்கு ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்தபின் மிதிக்காமல் இருக்க முடியாது. விவாதம் சாதாரணமாகப் போனால் மெதுவாக மிதிப்பார்கள். சூடு பிடித்தால் பின்சக்கரம் பறக்கும். நான் சின்ன சைக்கிளில் உட்கார்ந்திருப்பேன்.

அன்று நான் போவதற்குள்ளேயே எட்டுப் பத்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எண்ணே, வெரசா ஒரு சரவெடி வாங்கியாங்க. வெடிச்சிட்டுத்தான் மத்த சோலி" என்றார் ஜீப் ஓட்டுகிற அண்ணன்.

"ஏலே, எதுக்குடா வெடி?" என்றார் அப்பா. "நல்லா யோசிச்சுப் பாரு. பதினொண்ணு எண்ணத் தெரியாத மேனேஜர் போனது அவனுகளுக்கு நட்டமா, நமக்கு நட்டமா? நாளைக்கே திண்டுக்கல்லுல இருந்து எண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தனக் கூட்டியாந்தா நம்ம கதி என்ன?"

இந்தக் கோணம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எல்லாச் சக்கரமும் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றின.

"ஒரு மிஸ்டுக்காக ஒரு மனுசனத் தூக்குறது நியாயமே இல்லைங்க" என்றார் உபதேசியார். எங்கள் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், ஆனால் கால்பந்து என்று வந்தால் அவர் முதலில் மஞ்சள். "எட்டு வருசமா வெள்ளனே எந்திரிச்சு அந்தப் பயலுகளுக்குக் கஞ்சி ஊத்தி ஓட விட்டவரு."

"வெளிநாட்டுல நாலு மேட்ச் தோத்தாலே வீட்டுக்கு அனுப்பிர்றான் உபதேசியாரே. இவரு ஜெயிச்ச மேட்ச்சயில்ல தோத்தாரு!"

"அப்ப நாம கூட்டியாந்துருவோமா அவர?"

"கூட்டியாந்து? நம்மளயும் பன்னெண்டு பேரா எறக்கவா?"

சிரிப்பில் சைக்கிள்கள் ஆடின. அப்பா கையை உயர்த்தினார். "கேளுங்க. நாமெல்லாம் கையெழுத்துப் போட்டு அவுக செக்ரட்டரிட்ட ஒரு மனு குடுப்போம். எங்க அருமை மேனேஜரத் தயவுசெஞ்சு தூக்காதீங்க, அவரு இருந்தாத்தான் நாங்க கப்பு வாங்க முடியும்னு."

அவ்வளவுதான், கடை அமர்க்களப்பட்டது. வாடகை எழுதும் நோட்டிலிருந்து தாள் கிழித்து உபதேசியார் கையில் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, குண்டு குண்டான எழுத்தில் ‘ஐயா’ என்று ஆரம்பித்தார். எல்லோரும் கேலிக்குச் செய்கிறார்கள் என்பது என் மண்டைக்கு ஏறவேயில்லை. அப்பா மாமாவைக் காப்பாற்றப் போகிறார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காரணம்னு ஒண்ணு எழுதணுமே" என்று உபதேசியார் பேனாவை நிறுத்தினார்.

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "மணி அடிச்சது மாமா இல்ல. நாந்தான்."

ஒவ்வொன்றாகச் சக்கரங்கள் நின்றன.

"நீயா?" என்றார் ஜீப் அண்ணன். "பன்னெண்டு அடிச்சது நீயா?"

தலையாட்டினேன். அடுத்த நொடி நான் அவர் தோள்மேல் இருந்தேன். "கப்பு வாங்கிக் குடுத்ததே நம்ம பாப்பாடா!" என்று கத்தினார். யாரோ எண்ணெய் டின்னை எடுத்து அடித்தார்கள். ஒரு வாரமாக என் வயிற்றில் கிடந்த கல் கரைந்து போயிற்று. பதிலுக்கு வேறொன்று ஏறியது. இத்தனை பெரியவர்கள் என்னை அண்ணாந்து பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அப்பாவின் வழுக்கைகூடத் தெரிந்தது.

"வேணும்னுதான அடிச்ச? நம்ம டீமுக்காகத்தான?" என்று கேட்டார்கள்.

"ஆமா" என்றேன். மாமாவைக் காப்பாற்ற எழுந்தவள் நான். இரண்டு நிமிஷத்தில் அது சுத்தமாக மறந்துவிட்டது.

எதிர்ப்புறத்தில் இருந்த பேக்கரியின் முதலாளிதான் சந்தைமேட்டு அணியின் செக்ரட்டரி. சரியாக அந்த நேரத்தில் ஜெர்சி மூட்டையையும் மணியையும் அவரிடம் ஒப்படைக்க மாமா வந்திருந்தார். கூச்சலைக் கேட்டு செக்ரட்டரி மாவுக் கையோடு சாலையைத் தாண்டி வந்தார். பின்னால் மாமா.

செக்ரட்டரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அப்பிடியா சங்கதி! மகளை எங்க பெஞ்சுல உக்கார வச்சு, மணியை மாத்தி அடிக்கவிட்டுக் கப்பு வாங்கியிருக்கீங்க! இதைக் கமிட்டியில வச்சா ஃபைனலே செல்லாது, தெரியும்ல?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா வாயைத் திறந்தார். அவருக்குச் சத்தம் வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

செக்ரட்டரி மாமாவிடம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. புள்ளதான அடிச்சுச்சு? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். மணி உங்க கையிலயே இருக்கட்டும். நீங்கதான் மேனேஜர்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஜீப் அண்ணன் தோள்மேல் இருந்த என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கடைசியில் கையிலிருந்த மணியைப் பார்த்தார்.

"அது சின்னப் புள்ள. மணியத் தூக்கிட்டு வருவா, அம்புட்டுத்தான்" என்றார். "அடிச்சது நான். எண்ணிக்கை தப்பிப்போச்சு. வயசாச்சுல்ல."

"பொய்!" என்று கத்தினேன். "மாமா பொய் சொல்றாரு! நாந்தான் அடிச்சேன்!"

சிரிப்பு வெடித்தது. செக்ரட்டரியே சிரித்துவிட்டார். ஜீப் அண்ணன் என்னைக் கீழே இறக்கிவிட்டு, "நல்லா அளந்து விடுற பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளினார். மாமா மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அதைச் செக்ரட்டரியிடம் கொடுத்தார். அப்பா உபதேசியாரின் கையிலிருந்த மனுவை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் அவரே மாமாவின் வீட்டுக்குப் போய் அவரைச் சாப்பிடக் கூட்டி வந்தார். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி அவர் ஒரு கேலிகூடப் பேசியதில்லை. கப்பு போய்விடுமோ என்கிற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். காலையில் தோசையை விட்டுவிட்டுப் போன அதே அம்மா அப்பாவுக்கும் மாமாவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஊரே தோளில் தூக்கிய ஒரு பெயரைப் பத்து நிமிஷத்தில் பறிகொடுத்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு மாமா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். "பாப்பா, எனக்கு மட்டும் சொல்லு. பன்னெண்டாவது எதுக்கு அடிச்ச?" என்று மெல்லக் கேட்டார்.

"எங்க ஆளுக கோல் போட்டாங்கல்ல. குதிச்சேன்" என்றேன் முறைத்துக்கொண்டே.

மாமா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதானே. கோல் போட்டா குதிக்காம எப்பிடி" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து நீட்டினார்.

அப்படியென்றால் நான்தான் அடித்தேன் என்று என்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறார்! தெரிந்துகொண்டே எல்லோர் முன்னாலும் பொய் சொல்லி, என் பெயரை ஊர் வாயிலிருந்து எடுத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. எடுத்துத்தான் விட்டார். இன்றைக்கும் எங்கள் ஊரில் அந்த ஃபைனலைப் பற்றிப் பேச்சு வந்தால், பதினொன்று எண்ணத் தெரியாதவர் என்று மாமாவைத்தான் சொல்கிறார்கள். என்னையோ அப்பாவையோ யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாமா அதற்குப் பிறகு எந்த அணிக்கும் மேனேஜராக இருக்கவில்லை.

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? பேரிக்காயை வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.