சிவப்புப் பொட்டு விளக்கு இழுக்கும் கரண்ட்

கார்த்தி, செண்பகம், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா பத்தாவதோடு நின்று கரண்ட் வேலைக்கு வந்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் சாப்பிடும்போது செண்பகம் கேட்டாள், "டிவியை ரிமோட்ல ஆஃப் பண்ணினாப் போதாதாப்பா, சுவிட்சையும் அணைக்கணுமா?" என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதே கேள்வியால் ஒரு வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுசாகும்.

1. ரிமோட் ரிப்பேர்

ஒரு நாள் காலையில் சுடலைமுத்து அண்ணாச்சி போன் செய்தார். லாரி டிரைவர். மணியாச்சிப் பக்கம் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டும்போது மேலேயிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடந்த நேரம் அது.

"ரிமோட்டு செத்துப் போச்சு தம்பி. ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார்.

போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் தண்ணீர், மூடி வைத்த சோறு, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தன. அவர் சம்சாரம் மாரியம்மாள் மதினி தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்கு வேலைக்குப் போயிருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் முப்பத்திரண்டு இஞ்ச் எல்இடி டிவி சும்மா தொங்கியது.

ரிமோட் நுனியைச் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்கினேன். கேமராவில் வெளிச்சம் தெரிந்தது. ரிமோட்டில் கோளாறு இல்லை. சுவரைப் பார்த்தால் டிவி சுவிட்ச் அணைந்து கிடக்கிறது.

"அண்ணாச்சி, சுவிட்சே போடலையே."

"அது எனக்குத் தெரியாதாலே? சுவிட்ச் போட வான்னு கூப்பிட்டா நாளைக்கு வாரேம்ப. அதான் ரிமோட்டு செத்துட்டுன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"வேலைக்குப் போறப்ப தினமும் அணைச்சுட்டுப் போயிருதா. நான் பொழுதன்னைக்கும் அந்தச் சுவிட்சையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன். ஊர் ஊரா ஓடுனவன். இப்ப டிவி போடுறதுக்குக்கூட ஒரு ஆளு வரணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கரண்ட்டு பில்லுக்குப் பயப்படுதா. சரியான கஞ்சப் பிசினாறி. சாயங்காலம் அவ இருக்கும்போது மீட்டரோட வந்து அளந்து காட்டு."

சுவிட்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2. அளந்தது

இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அணைத்து வைத்த டிவி இழுக்கிற கரண்டை, ஒயரைக் கவ்வி அளக்கிற கிளாம்ப் மீட்டரில் பார்க்க முடியாது. அது பெரிய லோடுக்குத்தான் லாயக்கு. இதில் பூஜ்யம்தான் காட்டும். சுவர் பிளக்குக்கும் டிவி பிளக்குக்கும் நடுவில் சொருகுகிற சின்ன பவர் மீட்டர் வேண்டும். அதில் வாட் நேராகவே தெரியும்.

சாயங்காலம் போனபோது மதினி அடுப்படியில் இருந்தார்.

"வாங்க தம்பி. இவிய கூப்பிட்டாவளாக்கும்? டிவி பாக்காட்டா மூச்சு நின்னுரும்லா."

"பாத்தியா தம்பி, மூச்சுக்கும் கணக்கு வச்சிருக்கா" என்றார் அண்ணாச்சி கட்டிலிலிருந்து.

டிவி ஓடும்போது மீட்டரில் நாற்பத்தெட்டு வாட். திரையின் வெளிச்சத்தைக் குறைத்ததும் முப்பத்தைந்துக்கு இறங்கியது. பிறகு ரிமோட்டில் அணைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டர் பன்னிரண்டு காட்டியது. அணைத்த உடனே பார்த்துவிட்டுப் பன்னிரண்டு என்று சொல்லக் கூடாது. சில டிவி அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே வேலை பார்க்கும். அது அடங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மதினி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தேன். மீட்டர் புள்ளி நாலில் வந்து நின்றது.

"மதினி, இங்கன பாருங்க. அரை வாட்டுகூட இல்ல. ராவும் பகலும் இப்படியே கிடந்தாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு யூனிட்டு முழுசா ஆகாது."

"கேட்டியாட்டி?" என்றார் அண்ணாச்சி.

மதினி மீட்டரைப் பார்க்கவே இல்லை. அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பில்லைப் பத்திக் கேட்டனா தம்பி?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மதினியே தொடர்ந்தார்.

"எங்க ஆபீசுல கடைசியா வெளிய வாரவ எல்லாச் சுவிட்சையும் அணைக்கணும். மோட்டாரைப் புறங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் பூட்டணும். சூடு இருந்தா அது ஆறுற வரைக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. குச்சியும் மருந்தும் கிடக்கிற இடம்லா. எத்தனையோ வருசமா கை அதுக்குப் பழகிட்டு. இந்தப் பெட்டிய அணைச்ச பொறவும் அந்தப் பொட்டு கனிஞ்சுக்கிட்டே இருக்கு. அதை எரிய விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"ஃபேன் ஓடுதே மதினி?"

"ஃபேன் சுத்துறது கண்ணுக்குத் தெரியுது. இது தூங்குத மாதிரிப் பாசாங்கு பண்ணிக்கிட்டு உள்ளுக்குள்ள முழிச்சிருக்குல்லா."

அண்ணாச்சி குரல் இறங்கிவிட்டது. "இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லாட்டி."

"என்னன்னு சொல்ல? தீப்பிடிச்சா உங்களால எந்திரிச்சு ஓட முடியாதுன்னா?"

அண்ணாச்சி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி நாலு என்று காட்டிக்கொண்டிருந்த மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டேன். அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

3. புறங்கை

"சரி மதினி. ஆபீசுல பாக்கிற மாதிரியே இங்கயும் பாருங்க" என்றேன்.

டிவிக்குப் பின்னால் புறங்கையை வைத்தார். "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு." அடுத்து செட்டாப் பாக்ஸ். அதன் மேல் பூப்போட்ட துணியை மடித்துப் போர்த்தியிருந்தார்கள். துணியை எடுத்துவிட்டுத் தொட்டவர் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"இது சுடுது தம்பி."

மீட்டரைத் திரும்ப எடுத்து அந்தப் பாக்ஸுக்குப் போட்டேன். படம் ஓடும்போது ஒன்பது வாட். அணைத்தால் எட்டு. அணைத்ததாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் துணியால் அடைத்து வைத்தால் சூடு எங்கே போகும்? மதினி பயந்ததில் நியாயம் இருந்தது.

பிறகு டிவி, பாக்ஸ் இரண்டையும் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை வெளியே இழுத்தேன். ஒரு ஓட்டை கருகிப் போயிருந்தது. பின்னைப் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது.

"இதுல அயர்ன் பாக்ஸ் போட்டது யாரு?"

மதினி கட்டில் பக்கம் திரும்பினார்.

"காக்கிச் சட்டைய மடிப்பு இல்லாமப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்ட முடியுமா?" என்றார் அண்ணாச்சி.

"கஞ்சப் பிசினாறி அணைச்சதுனாலதான் மடிப்புக் கலையாமக் கிடக்கீய" என்றார் மதினி. அன்றைக்கு அண்ணாச்சி முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததும் இடுப்பு வலித்து முகத்தைச் சுளித்தார். அதையும் மதினிதான் முதலில் கவனித்தார்.

கருகிய பெட்டியைத் தூக்கிப் போட்டேன். சுவரிலேயே இரண்டு புது பிளக் பாயிண்ட் அடித்தேன். செட்டாப் பாக்ஸைத் திறந்த பலகைக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் ஓடவிட்டு உட்கார்ந்தோம். மதினி அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் புறங்கையால் பிளக், டிவி, பாக்ஸ் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். கிளம்பும்போது, "இனிமே அணைக்க மாட்டீங்கல்லா மதினி?" என்று கேட்டேன்.

"பாப்போம்" என்றார்.

செண்பகம், உன் கேள்விக்குப் பதில் இதுதான். புது டிவி தன்பாட்டுக்குச் சிவப்பு விளக்கோடு கிடந்தால் கரண்ட் ஒன்றும் பெரிதாகப் போகாது. செட்டாப் பாக்ஸைச் சுவிட்சில் அணைத்துவிட்டுப் படு. ஊருக்குப் போனால் இரண்டையும் அணை. ஆடுகிற பிளக்கில் எதையும் சொருகாதே. கார்த்தி, நீ இந்த வேலைக்கு வந்தால் உனக்கும் ஒன்று உண்டு. வீட்டுக்காரருக்கு என்ன பயம் என்று கேட்டுவிட்டு மீட்டரை எடு. அன்றைக்கு நான் எடுத்த அளவு சரிதான், ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கு எடுத்தேன்.

மறுநாள் எனக்குப் பசுவந்தனையில் ஒரு வேலை. நேர் ரோட்டில் போகாமல் அண்ணாச்சி தெரு வழியாகப் போனேன். மதினி வேலைக்குப் போயிருக்கும் நேரம். அவர்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் வண்டியை ஆஃப் செய்துவிட்டு நின்றேன். உள்ளே டிவி செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. மதினி இன்னும் கிளம்பவில்லையோ, சுவிட்சை அணைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் திரும்பப் பேசியது. சத்தம் கூடியது, குறைந்தது, பாட்டுக்கு மாறியது, மறுபடியும் நின்று மறுபடியும் வந்தது. மனுசன் சும்மா ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிடவில்லை. வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்து ஸ்டார்ட் செய்தேன்.