இடது கை வாசித்த தாலாட்டு

எனக்கு எல்லாமே இடது கைதான். சோறு தின்பது, எழுதுவது, மாங்காய்மேல் கல்லெறிவது, எல்லாம். எங்கள் பக்கத்தில் அதைப் பீச்சாங்கை என்பார்கள். அதற்கு என்ன மரியாதை என்று பெயரிலேயே தெரிந்துவிடும். என்னைத் திருத்தப் பார்த்து அம்மா ஓய்ந்துபோயிருந்தாள். சர்ச்சில் காணிக்கைப் பை வரும்போது மட்டும் என் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டில் நான் என்ன செய்தாலும் கர்த்தர் பொறுத்துக்கொள்வார், காணிக்கையில் பொறுக்கமாட்டார் என்பது அவள் முடிவு.

உத்திரமேரூரிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். ஏரிக்கரையை ஒட்டித் தகரக்கூரை போட்ட சின்ன சர்ச், அதில் ஒரு கீபோர்டு. வயலின், புல்லாங்குழல், மேளம் என்று எத்தனையோ சத்தம் அதற்குள் இருந்தும் பாஸ்டர் பியானோ பொத்தானைத் தவிர வேறெதையும் தொடவிடமாட்டார். அதனால் எனக்கு அது பியானோதான், இன்றைக்கும். பாஸ்டரின் மகள்தான் வாசிப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவை ஒட்டி நின்றுகொண்டு, அவரைத் தொந்தரவு செய்தே மூன்று பாட்டுகள் பழகிவிட்டேன்.

ஆனால் பியானோவில் ஓர் அநியாயம் இருந்தது. பாட்டு முழுக்க வலது கைக்கு. இடது கை கீழ்ப்பக்கத்தில், தாழ்ந்த சுருதிக் கட்டைகள் இரண்டு மூன்றை அழுத்திக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். கெட்டிக்காரியை உட்காரவைத்துவிட்டு மக்கைப் பந்தியில் பரிமாற விட்டது மாதிரி. யாரும் இல்லாதபோது நான் பாட்டை இடது கைக்கு மாற்றி, கீழ்ப்பக்கத்திலேயே வாசித்துப் பார்ப்பேன். தடுக்காமல் தண்ணீராக ஓடும். ஒருநாள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“சாமி பாட்ட பீச்சாங்கையால வாசிப்பியாடி? சோத்தாங்கையால வாசிக்கிறதா இருந்தா வாசி. இல்லன்னா அந்தப் பொட்டிகிட்டயே போவாத.”

அப்பா அப்போது மஸ்கட்டில் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிக்கும் வேலையில் இருந்தார். போன கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை போன் செய்வார். அது வந்தாலே வீட்டில் கூட்டம் கூடிவிடும். பெரியப்பா, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் கேட்கவேண்டுமே, அதனால் எப்போதும் ஸ்பீக்கர்தான். “நல்லாகீறியா? துன்னியா?” என்று அம்மா கேட்பாள். அதற்குள் போன் கைமாறிப் போய்விடும். கடைசியில் எனக்கு வரும்போது கார்டில் காசு தீர்ந்திருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அப்பாவின் வியர்வை வாசம்கூட மறந்துபோகிறதே என்று போர்வைக்குள் அழுதிருக்கிறேன்.

அந்த வருஷம் பாஸ்டர் மகள் கல்யாணமாகி வேலூருக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாலன் இயேசுவுக்கான தாலாட்டை வாசிக்க ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்குள் ஒரு திட்டம் உருவானது. அப்பா போனில் கேட்கவேண்டும். கேட்டால் அவரால் அங்கே இருக்க முடியாது, அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் கீபோர்டுப் பக்கம் நீட்டிப் பிடிக்கவேண்டும் என்று அம்மாவுக்குப் பலமுறை சொல்லிவைத்தேன். அவள் போட்ட நிபந்தனைக்காக மாதம் முழுக்க வலது கையைப் போட்டு அடித்தேன்.

அன்று அம்மா பெண்கள் பக்கம் முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்து, அப்பாவின் போன் வந்ததும் சொன்னபடியே அதை நீட்டினாள். முதல் வரி வலது கையில் ஒழுங்காகப் போனது. இரண்டாம் வரியில் அந்தப் போனைப் பார்த்தேன். அதற்குள் அப்பா இருக்கிறார் என்று நினைத்தேன், அவ்வளவுதான், விரல்களுக்கு எல்லாமே மறந்துபோனது. பாட்டு நின்றது. பெண்கள் பாதி வரியில் முழித்தார்கள். லைன் போய்விட்டதோ என்று அம்மா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

என்னைக் கேட்காமலே இடது கை பாட்டை எடுத்துக்கொண்டது. கீழ்ப்பக்கத்தில், தாழ்ந்த சுருதியில். பெண்கள் ஒரு வரி முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள், அந்த ஆழத்துக்கு அவர்கள் குரல் இறங்கவில்லை. எப்போதும் வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் ஆண்கள் பாட ஆரம்பித்தார்கள். ஏர் ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும். தகரக்கூரை அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை. முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பெரியப்பா என் தலையைத் தடவினார். “இன்னிக்கித்தாம்மா எங்களுக்கும் எட்டுற மாதிரி வாசிச்ச. உங்கப்பன் இருந்திருந்தா மொத ஆளா நின்னு பாடியிருப்பான். அவனுக்கு இந்தக் கொரலுதான்.”

என் காதில் அது ஏறவில்லை. அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

“நீட்டிப் புடின்னு சொன்னேன்ல? ஏம்மா காதுலயே வெச்சிக்கினு இருந்த?”

“கேட்டுச்சாம் போ,” என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் நம்பவில்லை. பீச்சாங்கையால் வாசித்த அவமானம் அப்பா வரைக்கும் போகக்கூடாது என்று மறைத்துவிட்டாள், அதற்குத்தான் அழுகையும் என்று முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை அப்பாவே “சூப்பரா கேட்டுச்சு கண்ணு” என்றபோது, அம்மா சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அம்மா ஒருநாள், “இனிமே உனுக்கு எந்தக் கை தோதோ அதாலயே வாசிச்சிக்கோ,” என்றாள். என்னைத் திருத்தவே முடியாதென்று கைகழுவிவிட்டாள் என்று அன்றைக்கும் அழுதேன்.

அப்பா அடுத்த விமானத்தில் வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கிறிஸ்துமஸ் போனது.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் பேச்சுவாக்கில் அந்த நாளைப் பற்றிச் சொன்னார். “சைட்டுல ஹெல்மெட்டு மாட்டிக்கினு நின்னு நானும் கடைசி வரைக்கும் பாடினேனே. மேஸ்திரி ஒரு மாதிரியா பாத்தாரு. ஏன், உங்கம்மா சொல்லல?”

அம்மா சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் குரல் அவளுக்கென்று தனியாகக் கிடைத்தது அந்த ஒரு பாட்டு நேரம்தான். அப்பா இல்லாத குறை எனக்கு மட்டும்தான் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.