தம்பி ஜப்பானில் கழுவிய கல்லறை

எங்கள் தம்பி மன்னாரில் பிறந்து, நான்கு வயதில் மொன்றியலுக்கு வந்தவர். நான் அவருக்கு ஒன்பது வயது மூத்தவள். அங்கே ரொக்ஸ்பரோ பகுதியில், முதல் மாரிக் குளிரில் அவருக்குச் சப்பாத்து மாட்டி, பனிக்குள் பள்ளிக்கு இழுத்துப் போனவள். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டிகள் ஏற்றினார். அம்மா அங்கேயே நிலம் துடைத்தார். தம்பி துறவற சபையில் சேர்ந்தபிறகு எல்லோரும் அவரைப் ‘பிரதர்’ என்றார்கள். இது அவருடைய நினைவு மலர் என்பதால் நானும் மரியாதையாகவே எழுதுகிறேன். ஆனால் இந்த ஓராண்டாக எனக்குள் நிற்பது அருவருப்பு. அதில் பாதி என்மேல்.

தம்பி பொறுமைசாலி என்று மற்றப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். பொறுமை அவருக்கு மருந்துக்கும் கிடையாது. மன்னாரில் பிறந்துவிட்டு, கருவாடு பொரித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார். பொய் மட்டும் அவர் வாயில் வராது. பத்து வயதில் டெப்பனர் என்கிற தெருமுனைக் கடையில் இனிப்பொன்றை எடுத்துவிட்டு, தானே திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் பிரெஞ்சில் சொல்லி அழுதவர்.

இருபத்தெட்டு வயதில் சபை அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே பங்கு மண்டபத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். படிக்க வந்தவர்களில் ஒருவர் கென்ஜி. தம்பியின் வயது, மீன் சந்தையில் வேலை. ஜெபத்துக்கு ஒருநாளும் நிற்கமாட்டார். வகுப்பு முடிய இருவரும் நூடில்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆகஸ்டில், இறந்தவர்களை நினைக்க ஜப்பானியர் தங்கள் ஊர்களுக்குத் திரும்புகிற நாட்கள் உண்டு. அப்போது கென்ஜி தம்பியையும் கூட்டிக்கொண்டு வடக்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனார். ஒரு வாரம். கென்ஜிக்கு விரைவு ரயில் பிடிக்காது என்பதால் ஊர்ந்து போகும் ரயில்களில் இரண்டு நாள் பயணம். கென்ஜியின் அம்மா காலையில் புளித்த அவரை விதையைச் சோற்றில் போட்டுக் கொடுத்தாராம். தம்பி தொலைபேசியில் சொன்னது இது: “அக்கா, மூக்குச்சளி மாதிரி நூல் நூலா இழுபடுது. மணத்துக்குக் கருவாடு எவ்வளவோ திறம். ஆனா அந்த அம்மா முகத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறா. விழுங்கிப்போட்டன். உடன இன்னொரு கிண்ணம் கொண்டு வாறா!”

அவர் சிரித்து நான் கேட்டது அந்த வாரத்தில்தான் அதிகம்.

ஆறாம் நாள் கென்ஜியின் அப்பாவின் கல்லறைக்குப் போனார்கள். மரித்தோர் தினத்துக்கு நாங்கள் செய்வதையே அவர்களும் செய்கிறார்கள். புல்லுப் பிடுங்கி, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். தம்பியும் தூரிகையை வாங்கிக் கல்லைத் தேய்த்தார். பிறகு முழந்தாளிட்டுத் தமிழில் கர்த்தர் கற்பித்த செபம் சொன்னார். கென்ஜி அதைப் படமெடுத்தார். தம்பி எனக்கு அனுப்பினார்.

நான் எழுதிய பதில்: “இதை ஒருத்தருக்கும் காட்டாதை. இஞ்ச ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

அதன்பிறகு அந்த வாரத்தைப் பற்றித் தம்பி என்னிடம் கதைக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் இரத்தப் புற்றுநோய் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார். கென்ஜி ஞாயிறு தவறாமல் அழைத்தார். அடக்கத்துக்குத் தன் விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு மொன்றியலுக்கே வந்தார். கோயிலில் நான் அவரை என் பக்கத்தில் இருத்தினேன்.

எங்கள் சித்தப்பாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கலியாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் செத்த வீடென்றால் பிணமாகவும் இருக்கப் பார்ப்பவர். திருப்பலி தொடங்கமுன் மைக்கைப் பிடித்தார். “எங்கட பிள்ளை ஜப்பானில மனந்திருப்பி வேதத்துக்குக் கொண்டுவந்த ஆள், அந்தா இருக்கிறார்!” என்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் கைதட்டு! சித்தப்பா என்னைப் பார்த்து, “என்ன பிள்ளை, ஓமோ?” என்று கேட்டார்.

நான் “ஓம்” என்றேன்.

ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய நன்மையை, கிறிஸ்துவின் உடலாகிய அப்பத்தை, வாங்கும் நேரம் இரண்டு மாமிமார் கென்ஜியை அன்போடு வரிசையில் தள்ளிவிட்டார்கள். அவர் முன்னால் நின்றவரைப் பார்த்துக் கையை நீட்டி வாங்கி, வாயில் போடாமல் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மண்டபத்தில் சிற்றுண்டி கொடுக்கும்போது, தம்பியின் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு காகிதத் தட்டை வைத்து, அதில் ஒரு ரோல்ஸையும் அந்த அப்பத்தையும் வைத்தார். அவர் ஊரில் இறந்தவருக்கே முதல் பங்கு. எல்லோருக்கும் கொடுத்ததில் தன் பங்கை நண்பனுக்கு வைத்திருக்கிறார்.

“ஐயோ, நன்மையை ரோல்ஸோட வைச்சிருக்கிறான்!” என்று ஒருவர் கத்தினார். வாய்க்குள் பற்றிஸ் இருந்தவர்களும் கத்தினார்கள். சித்தப்பா கென்ஜியின் கையைப் பிடித்து இழுத்துத் தமிழில் ஏசினார். கென்ஜி ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியாமலே. பங்குச் சுவாமி வந்து நன்மையைத் தானே உட்கொண்டுவிட்டு, “இவரை வரிசையில விட்டது ஆர்?” என்று மெல்லக் கேட்டார். மாமிமார் காகிதத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். நானும் போய் அவர்களோடு அடுக்கினேன்.

டோர்வலில் வழியனுப்பும்போது கென்ஜி ஆங்கிலத்தில் கேட்டார்: “நான் உங்கள் தம்பியை அவமதித்துவிட்டேனா?” இல்லை என்றேன். ஏன் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முப்பத்தோராம் நாள் நினைவின்போது, ஊர்க் கதையில், கென்ஜியின் குடும்பத்தில் ஏழு பேர் வேதத்துக்கு வந்துவிட்டார்கள். தவக்காலத்துக்குள் ஒரு கிராமமே ஞானஸ்நானம் பெற்றது. இந்த மலருக்காகச் சித்தப்பா போன மாதம் அழைத்தார். “எத்தினை பேரை மனந்திருப்பினவன் எண்டு ரெண்டு வரி போடு பிள்ளை. வாசிக்கிற சனத்துக்கு விசுவாசம் கூடும்.” தம்பி கல்லறை கழுவிய படத்தைப் போடப்போகிறேன் என்றேன். “உனக்கென்ன விசரோ?” என்று தொலைபேசியை வைத்துவிட்டார். படம் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒன்பது மாதமும் தம்பியைத் தூக்கிப் புரட்டிய தாதிமாருக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், பங்குச் சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி. கடைசிக் கிழமை தம்பியின் கால்களை அமத்திக்கொண்டு இருந்தவர் அவர்தான். அதை மறைத்தால் நானும் கதை கட்டுகிறவள் ஆவேன்.

கென்ஜிக்கு இந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். நன்றி என்ற சொல்லை அதில் கடைசியில்தான் வைத்தேன். அதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை, அன்று கோயிலில் இருந்த உங்கள் எல்லோருக்கும் இங்கே சொல்கிறேன். எங்கள் தம்பி ஜப்பானில் ஒருவரையும் வேதத்துக்குக் கொண்டுவரவில்லை. அவருக்கு அங்கே ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பரைத் தம்பியின் சவப்பெட்டிக்கு முன்னால் வைத்துப் பொய் சொன்னது நான்.