ரெஜினா மேடத்தின் அறுபது பத்திகள்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பயிற்சி மையத்தின் வாட்சப் குழுவில் செய்தி வந்தது. ரெஜினா மேடம் காலமானார், நாளை அடக்கம் நாளை மாலை மூன்று மணிக்கு. 'நாளை' இரண்டு முறை வந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தேன். போனது யார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பத்தி திருத்தக் கற்றுக்கொடுத்தவன் புத்தி இப்படித்தான் போகும்.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலையும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு சேருகிறவர்களிடம், பிழையும் குழப்பமுமான ஆங்கிலப் பத்திகளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். தேறாதவர்கள் ஒரு வருடம் தனி வகுப்பில் உட்கார வேண்டும். அந்த வகுப்புக்குப் போகிறவர்களை மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இந்தப் பயத்தை நம்பித்தான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செருப்புக்கடை மாடியில் எங்கள் மையம் நடந்தது. அங்கே நானும் அவரும் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வகுப்பெடுத்தோம்.

நான் குறுக்குவழி சொல்லிக்கொடுப்பேன். சந்தேகமாக இருந்தால், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இருப்பதிலேயே சின்னதைப் போடு என்பேன். அவர் வகுப்பிலோ முதல் பத்து நிமிடம் யாரும் பேனா மூடியைத் திறக்கக் கூடாது. பத்தியை உரக்கப் படித்துவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் சொல்ல வேண்டும். ஒரு நாள் பெண்ணாடத்துப் பெண் ஒருத்தி, "மிஸ், இவரு என்ன சொல்றாருன்னு இவருக்கே தெரியல மிஸ்" என்றாள். மேடம் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான்டி நம்மகிட்ட வந்திருக்காரு. திட்டாம கேளு" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் நான்தான் சிரித்தேன்.

கடையில் கிடைத்த பயிற்சிப் புத்தகங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டுப் பனியும் குதிரைப் பந்தயமுமாக இருக்கும். அவரே பத்திகள் எழுத ஆரம்பித்தார். சர்க்கரை ஆலை வாசலில் இரண்டு நாள் நின்ற கரும்பு லாரி. சுனாமி வடிந்த பிறகு தேவனாம்பட்டினத்தில் சுவர் இல்லாத வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண். முதலில் ஒழுங்காக எழுதி, பிறகு அதைக் கெடுப்பார். "கெடுக்கறதுதான் சார் கஷ்டம். நம்ம புள்ளைங்க எங்க தடுக்கி விழுவாங்களோ அங்கதான் கல்லைப் போடணும்" என்பார். மூன்று வருடத்தில் அறுபது பத்திகள் சேர்ந்தன.

மைய உரிமையாளர் அவற்றைப் புத்தகமாகப் போட முடிவுசெய்து, அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். முதல் தாளில் மேடம் தன் பெயரை எழுதியிருந்தார். "ஸ்டாஃபு இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. சென்டர் பேரு மட்டும் போதும் சார்" என்றார் உரிமையாளர். நான் சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரை அடித்தேன். அடுத்த மாதம் சிதம்பரம் கிளை என் பொறுப்புக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

அச்சான புத்தகத்தை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார்.

"நீங்கதான பார்த்தீங்க சார்?"

"ஆமா மேடம். அவுங்க அப்படிதான் போடச் சொன்னாங்க."

"அவுங்க சொல்லுவாங்க. படிச்சுட்டு அடிச்சீங்களா, படிக்காமலே அடிச்சீங்களா?"

அவர் சண்டை போடவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டார். என்னிடம் பிறகு பேசவே இல்லை. புத்தகம் இன்றும் விற்கிறது.

அடக்கத்துக்குப் போனேன். தெருமுனையில் மையத்தின் சார்பில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'எங்கள் புகழ்பெற்ற பயிற்சி நூலின் ஆசிரியை' என்று அவர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டு, அதற்கும் கீழே மையத்தின் போன் நம்பர். உயிரோடு இருந்தவரை ஒரு வரி இடம் கொடுக்காதவர்களுக்கு, செத்த பிறகு பத்தடி இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயே அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. கிழிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அவர் கணவர் சேவியர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கையைப் பிடித்தார்.

"சார், இவ புக்கு எழுதுனாளா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எழுதுனாங்க சார். அருமையான புக்கு."

"அப்படியா? புக்குல பேரு இருக்குமா சார்? புள்ளைங்களுக்குக் காட்டணும்."

"அச்சுல விட்டுப்போச்சு சார்" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

மேடத்தின் கையெழுத்தில் அந்த அறுபது தாள்களும் என்னிடம்தான் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவை சேவியருக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டியவை. கொடுத்தால் முதல் தாளில் அவர் பெயரையும், அதன்மேல் சிவப்பு மையில் நான் போட்ட கோட்டையும் பார்ப்பார்கள். மூன்று வாரமாக அந்தத் தாள்களை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது சேவியரிடம் சொல்வதற்குள் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டும்.